மொட்டு வந்தால் யாரிடமும் சொல்லாதே

செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரம் என்றால் மட்டும் எழுது என்று சொல்லிவிட்டுப் போனாய். இது அவசரமா என்று எனக்குத் தெரியவில்லை. பட்டன் தைக்கும்போது தையல்காரம்மாவிடம் கேட்டேன். "ராத்திரி தூக்கம் போயிடுச்சுன்னா அவசரம்தான், எழுது" என்று சொல்லி, அளவு குறிக்கிற தாளில் இரண்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். பதிலை அவர்கள் கடை முகவரிக்கே போட வேண்டுமாம். இந்த வயதில் தனக்கு யார் கடுதாசி போடுகிறார்கள் என்று தபால்காரர் மண்டையைக் குடையட்டும் என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். பைக்கில் இல்லை, வாடகை வேனில். பின்கதவைத் திறந்தால் உள்ளே உன் ஆர்கிட் செடிகள். ஒன்றோடொன்று இடிக்காமல் தொட்டிகளைப் பழைய துணியால் சுற்றி அடுக்கியிருந்தார். அவரே ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, நான் படுக்கிற பின்னறையில் ஜன்னலோரம் வைத்தார்.

"அவ உசிரே இதுலதான் இருக்கு மாமா. என்கிட்ட கிடந்தா காஞ்சு போயிடும். சின்னவ பாத்துக்கட்டும்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை தங்கமானவர், பெரியவள்தான் அவசரப்பட்டுவிட்டாள் என்று, கிடங்குக்குக் காவல் வேலைக்குக் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து அத்தான் எப்போது வந்தாலும் முதல் கேள்வி உன்னைப் பற்றித்தான். ஏதாவது தகவல் உண்டா, யாராவது பார்த்தார்களா என்று அப்பாவைத் துளைத்தெடுப்பார். இந்தத் தடவை உன் பேச்சையே எடுக்கவில்லை. தேநீர் குடித்தார். அப்பாவின் போன் மெதுவாக ஓடுகிறது என்று வாங்கி, அரை மணி நேரம் நோண்டி, துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவருக்கு இதெல்லாம் சாதாரணம்தான். ஆனால் அந்தப் போனில் நான் உன்னைக் கூப்பிடாமல் இருந்தது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் புரிந்தது.

கிளம்பும்போது என்னைப் பார்த்து, "ஊமை, ஒழுங்கா பாத்துக்கணும். வாராவாரம் வந்து பாப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

செடிகள் வாடிக் கிடக்கின்றன. எனக்கு ஒன்றும் தெரியாது. நீ வளர்க்கும்போது நான் வேடிக்கை பார்த்ததோடு சரி. தண்ணீர் ஊற்றாவிட்டால் செத்துப்போகுமா, ஊற்றினால் செத்துப்போகுமா? என்ன செய்யட்டும் என்று எழுது. உன் முகவரியைப் படித்து மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துப்போட்டேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

உன் தங்கை

---

செப்டம்பர் 24

பொடிசு,

உன் கடிதத்தை அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். இந்த ஹோட்டலில் எத்தனை அறைகள் இருக்கின்றனவோ, அத்தனை படுக்கை விரிப்புகளும் தினமும் என் கை வழியாகத்தான் போகின்றன. துவைக்கிற மெஷின் போடுகிற சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சோப்புத் தூள் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

அவர் ஏன் கொண்டுவந்து வைத்தார் என்று எனக்கும் விளங்கவில்லை. இரக்கம் வந்து செய்கிற ஆள் இல்லை. ஆனால் செடிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று படித்த பிறகு வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. திட்டாதே. நான் சொல்வதைக் கேள்.

முதலில், ஊற்று ஊற்றென்று ஊற்றாதே. தொட்டியில் இருப்பது மண் இல்லை, மரப்பட்டைத் துண்டுகள். விரலை உள்ளே விட்டுப் பார். ஈரம் குறைந்து, ஆனால் முழுவதும் காயாமல் இருக்கும்போது காலையில் ஊற்று. அடியில் வழிந்து ஓடட்டும். இலைகள் கூடுகிற நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணி நுனியை முறுக்கி ஒற்றி எடு. அங்கே அழுகினால் செடி போயிற்று. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. உரம் என்று யார் எதைக் கொடுத்தாலும் போடாதே. பட்டை மக்கிப்போய் நாற்றம் அடித்தால் மட்டும் எழுது, மாற்றிவைக்கச் சொல்லித்தருகிறேன்.

நீலத் தொட்டியில் ஒன்று இருக்கிறதே, புள்ளி இல்லாத பச்சை இலையோடு, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணமான வருஷம் நான் தீக்குச்சி நுனியால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் வைத்தேன். தூசி மாதிரி விதை. நர்சரிக்காரர் அதைப் போத்தலில் முளைக்கவைத்துத் தந்தார். நகம் அளவு இலையிலிருந்து வளர்த்தேன். இதுவரை பூத்ததில்லை. செருப்பின் முன்பக்கம் மாதிரி ஒரு பை தொங்குமே, அந்தப் பை என்ன நிறத்தில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே அப்படி ஒன்று அது ஒன்றுதான்.

அது பூக்க வேண்டுமென்றால் மழை ஓய்ந்த பிறகு வருகிற குளிர் ராத்திரிகள் அதன்மேல் பட வேண்டும். ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். அங்கே நான் திறப்பேன், அவர் சாத்துவார். ஒரு நாள் ஜன்னலுக்கே பூட்டுப் போட்டுவிட்டார். நம் வீட்டுப் பின்னறை ஜன்னலுக்குக் கம்பி உறுதியாகத்தானே இருக்கிறது? திறந்துவை.

நான் எழுதியதாக மூச்சுவிடாதே. படித்ததும் கிழித்துவிடு. என் அறையில் கூடப் படுக்கிற அம்மாவுக்கு நான் வைத்த பெயர் ஜெனரேட்டர். கரண்ட் போனாலும் குறட்டை போகாது. அதனால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கவலைப்படாதே.

அக்கா

---

அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்கிறேன். முதலில் இரண்டு தொட்டிகளில் பட்டை மக்கி நாறியது. தபாலுக்குக் காத்திருக்கப் பயமாக இருந்ததால், நீ மாற்றும்போது பார்த்ததை ஞாபகப்படுத்தி நானே மாற்றினேன். கறுத்த வேர்களை வெட்டினேன்.  இப்போது புது இலை விட்டிருக்கின்றன. எல்லாச் செடிகளும் நிமிர்ந்துவிட்டன. காலையில் எழுந்ததும் முதலில் அவற்றைத்தான் பார்க்கிறேன். படிப்பை நிறுத்திய பிறகு நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை இதுதான் என்று தோன்றுகிறது. கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைப்பதைவிட இது பிடித்திருக்கிறது. தையல்காரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அத்தான் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வந்ததும் நேராகப் பின்னறைக்குப் போகிறார். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்க்கிறார். இலையை இரண்டு விரலால் பிடித்துத் தடவுகிறார். பட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. பிறகு அப்பாவோடு உட்கார்ந்து பழைய கதை பேசிவிட்டுப் போகிறார். அவர் போன பிறகு அந்த அறையில் அவர் போட்டுக்கொள்கிற சென்ட் வாசனை இரண்டு நாள் நிற்கிறது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் படுக்கிறேன். அப்பா இரவு வேலைக்குப் போய்விடுவார் என்பது உனக்குத் தெரியும். பின்சந்தில் விளக்கு இல்லை. சில நாள் ஒரு பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. எஞ்சின் அணைகிறது. பிறகு ஒன்றும் கேட்பதில்லை. நான் போர்வைக்குள்ளேயே இருந்துவிடுகிறேன். எழுந்து பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. யாரோ வேலை முடிந்து வருகிறவர் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற நீலத் தொட்டி திரும்பியிருந்தது. தொட்டியில் நீ பென்சிலால் எழுதிய பக்கம் என்னைப் பார்க்கிற மாதிரிதான் எப்போதும் வைப்பேன். அன்று அந்த எழுத்து பின்சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பூனையாக இருக்குமா அக்கா?

உன் தங்கை

---

அக்டோபர் 28

பொடிசு,

பூனை தொட்டியைத் தள்ளும், திருப்பாது. ஜன்னலைச் சாத்து. இன்றைக்கே சாத்து. கொக்கி போட்டு, மேலே ஒரு கயிறும் கட்டு. செடி பூத்தால் பூக்கட்டும், பூக்காவிட்டால் போகட்டும்.

இந்த வரியை எழுதிவிட்டு அரை மணி நேரம் பேனாவை மூடிவைத்துவிட்டேன். இப்போது சாத்தினால் அது இந்த வருஷமும் பூக்காது. இருந்தாலும் சாத்து. நான் சொல்வது கேட்கிறதா?

உன்னிடம் நான் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. நீ சின்னவள் என்று சொல்லவில்லை. அவர் என்னிடம் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கை ஓங்கியதில்லை. அதனால்தான் அப்பாவுக்கு இன்றுவரை எதுவும் புரியவில்லை. அவர் செய்வது வேறு. கடைக்குப் போகும்போது சில நாள் வாசல் கதவைப் பூட்டாமல் போவார். நான் மறந்துவிட்டார் என்று நினைப்பேன். தெருமுனைவரை போய் வரலாமே என்று செருப்பை மாட்டுவேன். எதிர்க் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் வந்து, சாப்பிட்டுக்கொண்டே, "இன்னிக்கு பச்சைப் புடவை கட்டியிருந்தியே, எங்க கிளம்புன?" என்பார். அவ்வளவுதான்.

முதல் தடவை நான் கிளம்பிப் போனபோது இரண்டே நாளில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். அந்த மழைக்காலம் முழுக்க மாடியறையை விட்டு நான் கீழே இறங்கவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடம் சொன்னார்களே, அது இதுதான். இன்னொரு தடவை அந்த அறைக்குள் போனால் நான் திரும்பி வரமாட்டேன், பொடிசு. பயமுறுத்தச் சொல்லவில்லை.

நீ வேர் வெட்டியதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா

---

நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

என்மேல் கோபப்படுவாய். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. தொட்டிகளைக் கை எட்டாத தூரத்துக்கு உள்ளே நகர்த்திவிட்டு, என் பாயைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டு, நடுக்கதவைச் சாத்திப் படுத்தேன். குளிர் செடிக்கு மட்டும் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

மொட்டு வந்துவிட்டது. நீலத் தொட்டியில்தான். இலை நடுவில் முதலில் ஒரு சின்ன மடல் தெரிந்தது. இன்னொரு இலைதான் என்று நினைத்தேன். பிறகு அதற்குள்ளிருந்து ரோமம் படர்ந்த ஒரு தண்டு எழும்பியது. இப்போது என் சுண்டுவிரல் உயரம் இருக்கிறது. நுனியில் மொட்டு தலையைக் குனிந்துகொண்டிருக்கிறது. தையல்காரம்மாவிடம் மட்டும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. "அடியே, உனக்குப் பல்லு இருக்கா, இன்னிக்குத்தான் பாக்கிறேன்" என்றார்கள்.

அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமைவரைதான்.

அத்தான் வந்து குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டி, சின்னவள் கைராசிக்காரி என்று புகழ்ந்தார். அப்பா கடைக்குப் பால் வாங்கப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். அத்தான் வந்து வாசல்நிலையில் கையை ஊன்றி நின்றார். எனக்கு வெளியே போக வழி இல்லை.

"ஏழு வருஷம் என் வீட்ல பூக்காத செடி" என்றார். "உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

எனக்கு வாய் வரவில்லை. எப்போதும் வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் காத்திருந்தார். ஜன்னல் எப்போதும் திறந்தேதான் இருக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.  என் நெற்றியை உற்றுப் பார்த்தார்.

"ஊமைக்கு வேர்க்குதே. அப்பா போன்ல ஒண்ணும் இல்ல. உன்கிட்ட போனே இல்ல. அப்ப எப்படி வருது சேதி?"

அப்பா வருகிற சத்தம் கேட்டதும் நகர்ந்துவிட்டார். கடைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் போகிறாராம், திரும்பி வர மூன்று வாரம் ஆகுமாம். வந்ததும் உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறவர் தையல் கடை எதிரில் பைக்கை நிறுத்திச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனதாகத் தையல்காரம்மா சொன்னார்கள்.

இப்போது எனக்குப் புரிகிறது அக்கா. பூட்டாமல் விட்டுப்போகிற வாசல் கதவு என்று எழுதியிருந்தாயே, இந்தச் செடிகளும் அப்படித்தான். நீ சொல்லித்தராமல் என்னால் இவற்றை வளர்க்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வாடினால் நமக்குள் தொடர்பு இல்லை. செழித்தால் இருக்கிறது. வாராவாரம் விரலை விட்டு அவர் பார்த்தது செடியை இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து பூக்கவைத்துக் காட்டிவிட்டோம்.

உன் தங்கை

---

டிசம்பர் 4

பொடிசு,

தப்பு என்னுடையது. உனக்கு நான் எழுதியிருக்கவே கூடாது. செடி என்றதும் எனக்குப் புத்தி போய்விட்டது. அவருக்கு அது தெரியும். அதை வைத்துத்தான் வலை விரித்திருக்கிறார்.

யோசித்துவிட்டேன். நான் வந்துவிடுகிறேன். அவர் திரும்பி வந்து உன்னிடம் கேட்டால், புது வருஷம் பிறப்பதற்குள் அக்கா வந்துவிடுவாள் என்று சொல்லிவிடு. முகவரியைக் கேட்டால் கொடுக்காதே. நானே வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல். தபால் எப்படி வந்தது, யார் வழியாக வந்தது என்று தையல்காரம்மாவை இழுக்காதே. பாவம், அவர்கள் பிழைப்பு அந்தத் தெருவில்தான்.

மாடியறையைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடு. எனக்கு அப்போது காய்ச்சல். ஏதேதோ எழுதிவிட்டேன். ஏழு வருஷம் இருந்த இடம்தானே. நீ அடுப்படியில் தனியாக நின்றதை நினைத்தால் இங்கே ஒரு விரிப்பைக்கூட நேராக மடிக்க முடியவில்லை. நேற்று இரண்டு விரிப்புகளைத் தீய்த்துவிட்டேன். மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டாமல் போய்விட்டார்.

மொட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய குச்சி ஒன்று நட்டுத் தளர்வாகக் கட்டு. தண்டு சாய்ந்துவிடும். பார், மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா

---

டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வராதே. இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நீ பையைக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. இது சீக்கிரம் வந்துசேர வேண்டும் என்று தையல்காரம்மா பெரிய தபால் நிலையத்துக்கே போய்ப் போட்டுவருகிறார்கள்.

உன் கடிதம் வந்த அன்று கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். பின்னறையில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தேன். நீ காய்ச்சலில் எழுதியது எது, காய்ச்சல் இல்லாமல் எழுதியது எது என்று எனக்குத் தெரியும். பிறகு ஜன்னலைச் சாத்தினேன். இடுக்குகளில் துணியைத் திணித்தேன்.

மறுநாள் செடிகள் எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். குருத்துகளில் தண்ணீர் தேங்குகிற மாதிரி மேலாக ஊற்றினேன். பிளாஸ்டிக் பைகளால் ஒவ்வொரு தொட்டியையும் மூடி, அடியில் கயிற்றால் கட்டி, நேர் வெயிலில் வைத்தேன். மதியம் பைகளுக்குள் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் திறக்கவில்லை. இப்படியே ஒரு வாரம். அப்பா ஏன் என்று கேட்டார். குளிர் என்றேன். நல்ல காரியம் என்றார்.

கடைசியாகக் கட்டியது நீலத் தொட்டியை. அதற்குக் குச்சி நட்டுக் கட்டியிருந்தேன், நீ சொன்ன மாதிரி. பையைப் போர்த்தும்போது மொட்டு என் மணிக்கட்டில் உரசியது. அதன் ரோமம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நாக்குட்டியின் காது மாதிரி இருக்கும். அதற்கு மேல் நான் அதைப் பார்க்கவில்லை.

அத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். செடிகளை மறுபடியும் பின்னறையில் வைத்திருந்தேன், பைகளோடு. அவர் ஒரு பையைப் பிரித்தார். நாற்றம் வந்தது. இலையைத் தொட்டார். வெந்த கீரை மாதிரி கையோடு வந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பிரித்தார். நீலத் தொட்டியைப் பிரித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"யாரு உன்னை மூடச் சொன்னா?"

அக்கா, அவரிடம் நான் ஒரு முழு வாக்கியம் பேசியதே இல்லை. இந்த வாக்கியத்தை ஒரு வாரமாகப் பட்டன் தைத்துக்கொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனாலும் குரல் பாதிதான் வந்தது.

"யாரும் சொல்லல அத்தான். புழுக்கமா இருக்குன்னு ஜன்னலைத் திறந்தே வச்சிருந்தேன். ரொம்பக் குளிர ஆரம்பிச்சுடுச்சு. மொட்டு கருகிடும்னு பயந்து, சாத்திட்டு, மூடி வெயில்ல வச்சேன்."

அழுகையும் வந்தது. அதை நான் சொல்லிப் பார்த்திருக்கவில்லை. தானாக வந்தது.

அவர் ஜன்னல் இடுக்கில் நான் திணித்த துணியைப் பார்த்தார். ஒன்றை உருவி மறுபடியும் திணித்தார். அப்பா அறைக்குள் வந்து என்னைத் திட்டத் தொடங்கினார். ஒரு வேலையை உருப்படியாகச் செய்யத் தெரியாது, இவளைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டிருக்க வேண்டும் என்றார். அத்தான் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு கையிலிருந்த இலையைப் பார்த்துக்கொண்டே, எங்களிடம் சொல்வது மாதிரி இல்லாமல் சொன்னார்.

"அவ சொல்லிக் குடுத்திருந்தா நீ இதை மூடியிருக்க மாட்ட."

தேநீர் குடிக்கவில்லை. அப்பாவின் போனைக் கேட்கவில்லை. தொட்டிகளை என்ன செய்வது என்று அப்பா கேட்டதற்கு, குப்பையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லவில்லை.

நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் நம்பாத மாதிரி சிரிப்பாரே, அப்படிச் சிரிக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ சரி என்று சொல்லியிருக்க மாட்டாய். அல்லது சொல்லியிருப்பாய். இரண்டில் எதையும் நீ சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்கவில்லை.

உன் தங்கை

---

டிசம்பர் 28

பொடிசு,

பை கட்டியிருந்தேன். ஜெனரேட்டரிடம்கூடப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மதியம் உன் கடிதம் வந்தது. அவிழ்த்தேன்.

எல்லாவற்றையுமா? ஒன்றைக்கூட விடவில்லையா? இதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். முதல் நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன் என்பதை மறைத்தால் நான் அக்கா இல்லை. ஒரு விரிப்பை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, எனக்கே கேட்காத மாதிரி உன்னைத் திட்டினேன். ஒன்றையாவது எங்கேயாவது ஒளித்திருக்கலாமே என்று. பிறகுதான் தோன்றியது. ஒன்று குறைந்தாலும் அவர் கண்டுபிடித்திருப்பார். எத்தனை தொட்டி என்று எண்ணித்தானே கொண்டுவந்து வைத்திருப்பார். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

நேற்று மாடியறை கனவில் வந்தது. விழித்துப் பார்த்தால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இவ்வளவு நிம்மதிப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீ இனி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். இன்றைக்கு நம்பியவர் ஒரு மாதம் கழித்து வேறு மாதிரி யோசிப்பார். இங்கே வேலையாட்களின் சீருடைகளுக்குப் பட்டன் தைக்க ஒரு ஆள் வேண்டுமாம். மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தையல்காரம்மாவைக் கேள். அவர்களுக்கு நம் இருவரையும்விட நன்றாகப் பொய் வரும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிடிக்கவில்லை என்றால் பதில் எழுத வேண்டாம். குப்பையில் போடும் முன் அந்த மொட்டைப் பிரித்துப் பார்த்தாயா? என்ன நிறம்?

அக்கா

---

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

பிரித்துப் பார்த்தேன். அத்தான் போன பிறகு, அப்பா தூங்கும்போது, பிளேடால் மெதுவாக. வெளியே பழுப்பாக வெந்திருந்தது. உள்ளே பை வந்திருந்தது. என் நகத்தைவிடச் சிறியது, மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிறிய பச்சைதான் அக்கா. நிறம் ஏற இன்னும் நாள் இருந்திருக்கிறது. ஊதா என்றோ மஞ்சள் என்றோ எழுதலாமா என்று யோசித்தேன். உன்னிடம் பொய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் வரவில்லை. அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவைத்துக் காத்திருந்தார். இருட்டிய பிறகு அவரே அதை எடுத்து மடக்கிவைத்தார். செடிகளைச் சாகடித்து மாப்பிள்ளையையும் விரட்டிவிட்டாய் என்றார். அப்படிச் சொன்னவர், கொஞ்ச நேரம் கழித்து, அன்று அடுப்படியில் அத்தான் என்ன கேட்டார் என்று விசாரித்தார். பால் வாங்கிவந்தபோது என் முகத்தைப் பார்த்தாராம். நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன். அவரும் மேலே கேட்கவில்லை. ஆனால் அன்று வேலைக்குப் போகும்போது வாசல் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே கொக்கி போட்ட சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டுப் போனார்.

பின்சந்தில் பைக் சத்தம் ஒரு தடவை கேட்டது. நின்றதா போய்விட்டதா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் எல்லா பைக்கும் நிற்கிற மாதிரிதான் கேட்கிறது.

தையல்காரம்மா அப்பாவிடம் பேசிவிட்டார்கள். அவர்களுடைய தங்கைக்கு வேறொரு ஊரில் பெரிய கடை இருப்பதாகவும், நான் அங்கே போய்த் துணி வெட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகவும் சொன்னார்கள். அவர்களுக்குத் தங்கையே கிடையாது. அப்பா நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் காலையில் என் சான்றிதழ்களை ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த வாரம் கிளம்புகிறேன். நேராக வரமாட்டேன். ஒரு பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, இன்னொன்றில் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது பஸ்ஸில் கண்டக்டரிடம் உன் ஊர்ப் பெயரை நான்தான் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. தூக்கத்தில் உளறிவிடக் கூடாது என்று மனதுக்குள்கூடச் சொல்லாமல் இருந்தேன். இப்போது கடையில் மெஷின் ஓடும்போது அதன் சத்தத்துக்குள் சொல்லிப் பழகுகிறேன். நேற்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நூல் அறுந்து மெஷின் நின்றுவிட்டது. பெயர் பாதி வாயில் இருந்தது. துணி வாங்க வந்த இரண்டு பேர் கடையில் இருந்தார்கள்.

மீதியையும் சொல்லி முடித்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் தங்கை